பழைய அட்டையில் சிறு கூடாரங்கள்: இழையோட்டமும் பசையும் கத்தியும்

பாளையங்கோட்டையில் புத்தக பைண்டிங் தொழில் செய்கிறேன். மேசைமேல் சிறு வீரர் உருவங்களை நிறுத்திப் போர் விளையாட்டு ஆடும் கல்லூரி மாணவர்களும், அவர்களைப் பார்த்து ஆசைப்படும் பள்ளிப் பிள்ளைகளும் வெட்டு அட்டைத் துண்டுகளைக் கேட்டுக் கடைக்கு வருகிறார்கள். பாசறைக் கூடாரங்களை விலைக்கு வாங்காமல், வீட்டில் கழிக்கும் அட்டையிலேயே செய்துகொள்ள நினைக்கும் அவர்களுடைய எண்ணம் பாராட்டத்தக்கது. ஆயினும், எந்த அட்டையை எடுப்பது, எந்தப் பசையைத் தவிர்ப்பது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒதுக்க வேண்டியது அல்வாப் பெட்டி. நம் ஊர் வீடுகளில் எளிதாகக் கிடைப்பது அதுவே என்றாலும், நெய் ஊறிய அட்டையில் பசையும் பிடிக்காது, வண்ணமும் ஒட்டாது; எறும்பும் தேடி வரும். பற்பசை, சோப்பு, மாத்திரைப் பெட்டிகளின் அட்டையும், புதுச் சட்டை மடிப்புக்குள் வரும் அட்டையும் கூடாரத்துக்கு மிகப் பொருத்தமானவை. பெட்டியின் வெளிப்புறம் பிளாஸ்டிக் பூச்சுடன் பளபளத்தால், பூச்சில்லாத உட்புறம் வெளியே தெரியுமாறு மடித்துக்கொள்ளலாம்.

அட்டைக்கு இழையோட்டம் உண்டு என்பதைப் பலர் அறிவதில்லை. ஆலையில் கூழ் நகரும் வலைமேல் பரவும்போது, இழைகள் பெரும்பாலும் வலை ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன. அட்டையை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ, அந்த வளைவின் அச்சுக்கு இணையாகவே இழைகள் ஓடுகின்றன. கூடாரத்தின் முகட்டு மடிப்பை இழையோட்டத்துக்கு இணையாக அமைத்தால் மடிப்பு வெடிக்காமல் நேராக நிற்கும். இரு சாய்வுகளையும் விரலால் லேசாக உள்வாங்கச் செய்து, உண்மையான கூடாரத் துணியின் தொய்வைக் கொண்டுவரவும் முடியும். குறுக்கே மடித்தாலோ, முகட்டில் அட்டை பிளந்து நார் தெரியும். மடிப்பதற்கு முன் மை தீர்ந்த பேனா முனையால் அளவுகோலை ஒட்டி ஒரு கோடு அழுத்திக்கொள்வது நல்லது.

28 மில்லிமீட்டர் உருவங்களுக்கு, 110 மி.மீ. அகலமும் 80 மி.மீ. நீளமும் உள்ள அட்டையை அகலத்தின் நடுவில் மடித்து, அடியில் 60 மி.மீ. இடைவெளி விட்டு நிறுத்தினால், முகடு ஏறத்தாழ 46 மி.மீ. உயரத்தில் நிற்கும், பீடத்தோடு கூடிய வீரன் உள்ளே தலைதட்டாமல் நிற்பான். கம்பங்களுக்குத் தென்னை ஈர்க்கும், இழுகயிறுகளுக்குப் பீடி கட்டும் நூலும், உள்ளே விரிப்பதற்குப் பழைய கோரைப்பாயின் ஓரமும் போதும். பத்தமடைப் பாயைப் போல நுண்ணிய பின்னலாக இருந்தால் இந்த அளவுக்கு மிக அழகாக இருக்கும்.

பசையைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்க மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட் என்னும் நீல உப்பு) கலப்பது எங்கள் தொழிலின் பழைய வழக்கம். மயில்துத்தம் நஞ்சு; வயிற்றுக்குள் போனால் கேடு விளைவிக்கும். விரலை வாயில் வைக்கும் பிள்ளைகளின் கைக்கு அந்தப் பசை போகவே கூடாது. கடையில் கேட்டாலும் கொடுக்க நான் சம்மதிப்பதில்லை. துத்தம் கலக்காத மைதாப் பசையையோ ராமபாணப் பூச்சி தின்றுவிடும். ஆகவே, ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே ஏற்றது. அதையும் ஒரு பக்கம் மட்டும் பூசினால், காயும்போது சுருங்கி அட்டையை வளைத்துவிடும். இரு பக்கமும் மெல்லியதாகப் பூச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காற்றின் ஈரம் மிகுதி என்பதால், ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். தெளிப்பு வண்ணத்தைப் பூட்டிய அறைக்குள் அடிக்க வேண்டாம். தூரிகையால் பூசும் அக்ரிலிக் வண்ணமே போதுமானது.

வெட்டும் வேலையைப் பெரியவர்கள் செய்து கொடுப்பதே முறை. இரும்பு அளவுகோலை வைத்து, ஒரே அழுத்தில் வெட்டாமல் லேசாகப் பலமுறை இழுத்தால் கத்தி வழுக்காது. மழுங்கிய பிளேடு கூரிய பிளேடை விட ஆபத்தானது. அதற்குக் கூடுதலாக அழுத்த வேண்டியிருப்பதால்தான் கை தவறுகிறது. ஒடித்த பிளேடு முனைகளை அப்படியே குப்பையில் போடாமல், மூடியுள்ள பழைய டப்பாவில் சேர்த்து, நிறைந்ததும் டேப் சுற்றி, உள்ளே பிளேடு இருப்பதாக எழுதி, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள்.