கம்பியில்லாமல் விசையை அளக்கும் காந்த றப்பர்

திருகோணமலையில் கடலோரமாக வீடுள்ளவர்களுக்குச் செப்புக் கம்பியில் களிம்பு ஏறுவதைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வாசலில் பொருத்திய அழைப்புமணி ஒரு மாரிக்குப் பிறகு ஒலிக்காது. கழற்றிப் பார்த்தால் கம்பி முனையில் பச்சை பூத்திருக்கும்.

கடல் அடங்கிய நாட்களில் உப்புவெளிப் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வரும். அந்தக் கயிற்றில் எவ்வளவு இழுவிசை இருக்கிறது? இழுப்பவர்களின் தோளுக்கு அது தெரியும். அதை எண்ணாக அறிய வேண்டுமானால் மின்தராசுக்குள் இருப்பது போன்ற ஒரு விசையுணரியைக் கயிற்றில் கோக்க வேண்டும். பாரம் ஏறும்போது ஓர் உலோகத் துண்டு மயிரிழை அளவு வளையும், அதில் ஒட்டியிருக்கும் மெல்லிய கம்பியின் மின்தடை மாறும், அந்த மாற்றமே எடையாகத் திரையில் தெரியும். நல்ல முறைதான். ஆனால் விசை விழும் இடத்திலிருந்தே கம்பி புறப்படுகிறது. ஈரமும் உப்பும் இழுபறியும் ஒன்றாகத் தாக்கும் அந்த இடத்தில் முதலில் போவது கம்பிதான்.

அந்த இடத்தில் கம்பியே வேண்டாம் என்பதுதான் காந்த றப்பரின், அதாவது காந்தப் பொடி கலந்த றப்பரின், யோசனை. வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். பெரும்பாலான கைபேசிகளில் திசைகாட்டிக்காக ஒரு காந்தவுணரி இருக்கிறது. அதன் அளவைக் காட்டும் இலவசச் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். கைபேசியை மேசையில் வைத்து, அதன்மேல் 5 சென்ரிமீற்றர் தடிப்பான பஞ்சுத்துண்டு, பஞ்சின்மேல் ஒரு சிறிய காந்தம், அதன்மேல் பிளாஸ்டிக் கோப்பை. கோப்பையில் 100 மில்லிலீற்றர் தண்ணீர் ஊற்றினால் பஞ்சின்மீது ஏறக்குறைய 1 நியூற்றன் விசை கூடுகிறது. பஞ்சு அமுங்கும், காந்தம் நெருங்கும், திரையில் எண் மாறும். எடைக்கு நாணயம் வைக்காதீர்கள். நம் நாணயங்களில் பல உருக்காலானவை, காந்தத்தில் ஒட்டிக் கணக்கைக் குழப்பிவிடும். வலுவான காந்தமும் வேண்டாம், கைபேசியின் திசைகாட்டி தடுமாறும்.

எண் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். சிறிய காந்தம் ஒன்றின் புலம் தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. அதனால் உணரிக்கும் காந்தத்துக்கும் இடையிலான தூரம் 5 சென்ரிமீற்றரிலிருந்து 4 ஆகக் குறைந்தாலே புலம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். சிறு அமுக்கம் பெரிய மாற்றமாகத் தெரிவது இதனால்தான். காந்தம் இல்லாதபோதும் திரையில் சுமார் 40 மைக்ரோரெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) காட்டும். அது பூமியின் புலம். திருகோணமலை காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்தப் புலம் இங்கே கிட்டத்தட்டக் கிடையாகவே ஓடுகிறது. அதை முதலில் குறித்துக் கழித்துக்கொண்டால்தான் மீதி காந்தத்தின் கணக்கு.

சரி, பஞ்சையும் காந்தத்தையும் ஒன்றாக்கினால்? அதுதான் காந்த றப்பர். திரவ நிலையிலுள்ள சிலிக்கோனில் நியோடைமியம், இரும்பு, போரன் கலந்த காந்தப் பொடியைக் கலக்கிறார்கள். பொடியின் ஒவ்வொரு துகளும் மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கைவிடச் சிறியதாக இருக்கலாம். சிலிக்கோன் இறுகிய பிறகு, மிக வலுவான காந்தப்புலத்தை ஒரு கணம் பாய்ச்சினால் துகள்கள் எல்லாம் நிலையான காந்தங்களாகிவிடும். அமுக்கினாலும் இழுத்தாலும் முறுக்கினாலும் துகள்கள் இடம் மாறும், திசை திரும்பும். வெளியே பரவும் புலமும் அதற்கேற்ப மாறும். இதற்கு நெருங்கிய உறவினர் உங்கள் சமையலறையிலேயே இருக்கிறார்: குளிர்சாதனப் பெட்டிக் கதவின் விளிம்பிலுள்ள மெத்தென்ற பட்டிக்குள்ளும் காந்தப் பொடி கலந்த நாடாதான் ஓடுகிறது.

இந்த ஊரில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும்: புல்மோட்டைக் கருமணலைக் கலந்தால் போதாதா? அங்குள்ள இல்மனைட்டைக் காந்தத்தைக் கொண்டுதான் மற்ற கனியங்களிலிருந்து பிரிக்கிறார்கள் என்பதால் இது நியாயமான கேள்வி. ஆனால் இல்மனைட் பக்கத்தில் காந்தம் இருக்கும்வரைதான் இழுபடும். காந்தத்தை எடுத்துவிட்டால் அதனிடம் எதுவும் மிஞ்சாது. நமக்கு வேண்டியது, ஒருமுறை ஏற்றிய காந்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பொருள்.

புலத்தைப் படிக்கும் பக்கத்தில் பெரும்பாலும் ஹால் உணரி இருக்கும். 1879இல் எட்வின் ஹால் கண்ட விளைவு இது: மெல்லிய தகட்டில் மின்னோட்டம் போகும்போது குறுக்கே காந்தப்புலம் வந்தால், ஓடும் மின்னேற்றங்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும், தகட்டின் இரு விளிம்புகளுக்கும் இடையே சிறு மின்னழுத்தம் பிறக்கும். மூன்று திசைகளிலும் அளக்கும் உணரி வைத்தால், றப்பர் நேராக அமுங்குகிறதா பக்கவாட்டில் வழுக்குகிறதா என்பதையும் பிரித்தறியலாம். 2021இல் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றாவும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் வெளியிட்ட ரீஸ்கின் என்ற ரோபோத் தோல் இப்படித்தான் வேலை செய்கிறது. அதில் என்னை மிகவும் கவர்ந்தது, தோலுக்கும் மின்சுற்றுக்கும் இடையே எந்தக் கம்பியும் இல்லை என்பதே. தோல் தேய்ந்தால் உரித்துவிட்டுப் புதியதை ஒட்டலாம்.

கம்பியில்லை என்றதும் பலர் புளூடூத் போன்ற ஒன்றை நினைக்கிறார்கள். அது வேறு. புளூடூத்தின் வானொலி அலையைக் கடல்நீர் விழுங்கிவிடும். நிலையான காந்தப்புலத்துக்கோ உப்புநீர், மரம், பிளாஸ்டிக், மனிதத் தோல் எதுவும் பெரிய தடையில்லை. எனவே உணரியையும் மின்கலத்தையும் ஒரு பெட்டிக்குள் முழுதாக அடைத்துவிடலாம். உப்பில் கிடந்து உழைக்க வேண்டியது றப்பர் மட்டும்தான், அதற்கு மின்சாரமே தேவையில்லை. பொடி துருப்பிடிக்கக்கூடியது என்பதால் சிலிக்கோன் அதை முழுதாக மூடியிருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. அமுங்கிய றப்பர் உடனே பழைய நிலைக்கு வராது, அதனால் பாரம் ஏறும்போது வரும் எண்ணும் இறங்கும்போது வரும் எண்ணும் சற்று வேறுபடும். நியோடைமியக் காந்தத்தின் வலு ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். நம் ஊர் வெயிலில் இதைச் சும்மா விட முடியாது, பக்கத்தில் ஒரு வெப்பமானியும் வேண்டும். பெரிய தொல்லை இரும்பு. படகு இயந்திரம் அருகே வந்தாலே புலம் கோணலாகும். இதற்கு இரண்டு உணரிகள் வைப்பது வழக்கம். ஒன்று றப்பரை ஒட்டி, மற்றது சற்றுத் தள்ளி. தொலைவிலிருந்து வரும் குழப்பம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுவதால் கழித்துவிடலாம். மிக அருகிலிருக்கும் இரும்புக்கு இந்த வித்தை முழுதாகப் பலிக்காது.

கரைவலைக்கு வருகிறேன். கயிறு சுற்றிவரும் ஒரு மரக் கப்பியும் அதன் அச்சுக்கு அடியில் ஒரு காந்த றப்பர் வில்லையும் போதும் என்று நினைக்கிறேன். அதற்குக் கீழே மெழுகிட்டு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் உணரி. அச்சு மட்டும் இரும்பாக இருக்கக்கூடாது, பித்தளை அல்லது மரம். முதல் நாளில் தெரிந்த எடைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வலை கடலிலிருந்து வரும்போது, மீன் சேரும் மடி கரையை நெருங்க நெருங்க அந்த எண் எப்படி ஏறுகிறது என்பதைக் கரையில் நின்றே வாசிக்கலாம்.