கால்சட்டை போனது, கடிதம் தப்பியது

1785 ஜனவரி 7. இங்கிலாந்தின் டோவரிலிருந்து பிரான்ஸை நோக்கி ஒரு ஹைட்ரஜன் பலூன் கிளம்பியது. அதில் பிளான்ஷார், மருத்துவர் ஜெஃப்ரிஸ் என்று இரண்டு பேர். கடல்மேல் போகும்போதே பலூன் கீழே இறங்கத் தொடங்கிவிட்டது. முதலில் மணல் மூட்டைகள் போயின. அப்புறம் துடுப்பு, நங்கூரம், கடைசியில் கோட்டும் கால்சட்டையும்கூட! ஆனால் ஒரு கடிதத்தை மட்டும் அவர்கள் எறியவில்லை. பெஞ்சமின் பிராங்க்ளினின் மகன் வில்லியம், பிரான்ஸில் இருந்த தன் மகன் டெம்பிளுக்கு எழுதிய கடிதம் அது. குளிரில் நடுங்கியபடி பிரான்ஸின் காலே நகருக்கு அருகே ஒரு காட்டில் இறங்கியவர்களோடு அதுவும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

அத்தனையையும் ஏன் எறிய வேண்டி வந்தது?

தரைமட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. அதே அளவு ஹைட்ரஜன் 100 கிராம்கூட வராது. மிச்சமுள்ள 1.1 கிலோதான் பலூனைத் தூக்கும் விசை. பட்டுத்துணி, வலை, கூடை, ஆட்கள் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும், உள்ளே வாயு விரியும். வாயை இறுக்கிக் கட்டினால் பட்டு கிழிந்துவிடும். அதனால் பலூனின் அடிக்கழுத்தைத் திறந்தே விடுவார்கள். மிஞ்சிய வாயு அதன் வழியே போய்விடும். போன வாயு திரும்பாது. இறங்கும்போது இருக்கிற வாயுவும் சுருங்கும். விழாமல் தடுக்க எடையைக் குறைக்க வேண்டும். வேண்டுமென்றே இறங்க, உச்சியிலுள்ள வால்வைத் திறந்து இன்னும் வாயுவை விட வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் செலவுதான், வரவே கிடையாது. பீப்பாய்களில் இரும்புத் துண்டுகள்மேல் கந்தக அமிலம் ஊற்றி மணிக்கணக்கில் தயாரிக்கும் வாயுவை நடுவானில் எங்கே போய்த் தேடுவது?

நெப்போலியன் பேரரசனான 1804இல் இந்தக் கணக்கை அருமையாகப் பயன்படுத்தியவர் 25 வயது பிரெஞ்சு விஞ்ஞானி கே-லுசாக். ஆகஸ்டில் பியோ என்ற நண்பரோடு பறந்தபோது சுமார் 4,000 மீட்டரைத்தான் எட்ட முடிந்தது. சரி, ஓர் ஆளின் எடையைக் குறைப்போம் என்று செப்டம்பர் 16 அன்று தனியாகவே கிளம்பினார். இன்னும் ஏறுவதற்காக ஒரு மர நாற்காலியைக்கூட வெளியே எறிந்தார், அது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் அருகே புதரில் விழுந்தது என்று சொல்வார்கள். 7,016 மீட்டர் உயரம், மைனஸ் 9.5 டிகிரி குளிர்!

காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய கண்ணாடிக் குடுவைகளைக் கையோடு கொண்டுபோயிருந்தார். 6,000 மீட்டருக்கு மேல் அவற்றைத் திறந்து, அங்குள்ள காற்றைப் பிடித்து மூடினார். பாரிஸ் திரும்பியதும் ஒரு குடுவையைத் தண்ணீருக்குள் வைத்துத் திறந்தார். தண்ணீர் விறுவிறுவென்று உள்ளே ஏறிப் பாதிக் குடுவையை நிரப்பியது. அப்படியென்றால் உள்ளே இருந்தது மெல்லிய மேல்வானக் காற்றுதான், வழியில் எதுவும் கலக்கவில்லை. அதைச் சோதித்தபோது, ஆக்சிஜனின் விகிதம் பாரிஸ் தெருக்காற்றில் இருப்பதைப் போலவே இருந்தது.