தண்ணீர்மலைப் படி ஏறிவிட்டால் இதயம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

“தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில 513 படியும் ஏறி இறங்கினேன் டாக்டர், மூச்சுகூட வாங்கல. எனக்கு என்ன ஹார்ட்டு?” பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலில் தைப்பூசம் முடிந்த கையோடு என் கிளினிக்கில் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் ஐம்பத்தைந்தைத் தாண்டிய ஆண், பிறை தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்த்தவர் அல்லது லாரி ஓட்டியவர், கை கால் திடமானவர். படி ஏறியதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதை வைத்து இதயத்துக்கு நற்சான்று கொடுக்க முடியாது.

ஏன் என்று கேட்டால், இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உள்சுவரில் கொழுப்பு பல வருடங்களாகச் சத்தமில்லாமல் படிகிறது. குழாய் பாதி அடைத்திருந்தாலும் மீதி வழியாகப் போகிற ரத்தமே படி ஏறப் போதும். பொதுவாக 70 சதவிகிதம் அளவுக்குச் சுருங்கிய பிறகுதான் வேகமாக நடக்கும்போது நெஞ்சு இறுக ஆரம்பிக்கும். சிக்கல் என்னவென்றால், மாரடைப்பு வர அவ்வளவு தூரம் அடைக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பாதிகூட அடைக்காத ஒரு கொழுப்புப் படிவின் மேல்தோல் கிழிந்தால் போதும், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து சில நிமிடங்களில் குழாயை மொத்தமாக மூடிவிடலாம். “நேத்துகூட நல்லாத்தானே இருந்தாரு” என்று துக்க வீட்டில் பேசிக்கொள்கிறோமே, அவர் உண்மையிலேயே நேற்று நன்றாகத்தான் இருந்திருப்பார். அதே சமயம், போன வருடம் ஒரே மூச்சில் ஏறிய படியை இந்த வருடம் நடுவில் நின்று நின்று ஏறியிருந்தால் “வயசாச்சு” என்று விட்டுவிடாதீர்கள். அது பார்க்க வேண்டிய விஷயம்.

ஆக, உடம்பு எப்படி இருக்கிறது என்பதை உடம்பையே கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாத வயது இது. அளந்துதான் பார்க்க வேண்டும். 2023-இல் சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், நம் மலேசியப் பெரியவர்களில் 29.2 சதவிகிதம் பேருக்கு ரத்த அழுத்தம், 33.3 சதவிகிதம் பேருக்குக் கொலஸ்ட்ரால், 15.6 சதவிகிதம் பேருக்கு இனிப்புநீர் (சர்க்கரை நோய்). தனக்கு இருப்பதே தெரியாதவர்களும் இதில் அடக்கம். “பிரஷர் இருந்தா தலை சுத்தணுமே டாக்டர்?” என்பார்கள். சுற்றாது. 170-ஐ வைத்துக்கொண்டு சிரித்துப் பேசிக்கொண்டு வருகிறவர்களை வாரம் தவறாமல் பார்க்கிறேன். வீட்டில் கருவி இருந்தால் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை அளந்து எழுதி வையுங்கள். வாங்குவதாக இருந்தால் மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவது வாங்குங்கள். வீட்டில் சராசரி 135/85-ஐத் தாண்டினால் வந்து பார்க்க வேண்டும்.

அப்புறம் அந்த மாத்திரைப் பை. “எல்லா மருந்தையும் கொண்டு வாங்க” என்று சொன்னால் சிலர் மேசையில் கொட்டுவதைப் பார்க்க வேண்டுமே. நாலு மாதத்துக்கு முந்தைய அட்டைகள், ஓரத்தில் இரண்டு மட்டும் பிய்த்தபடி, ரப்பர் பேண்ட் போட்டுப் பத்திரமாக இருக்கும். “நார்மல் ஆயிடுச்சு, அதான் நிறுத்திட்டேன்.” அண்ணே, மாத்திரை சாப்பிட்டதால்தானே நார்மல் ஆனது! கொலஸ்ட்ரால் மாத்திரைக்கும் அதே கதைதான், போதாததற்கு “கிட்னி போயிடும்” என்ற பயம் வேறு. கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கு அடங்காத சர்க்கரையும் பிரஷரும்தான், இங்கே டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பெரும்பங்கு இனிப்புநீர்க்காரர்கள். இதில் எனக்கு எரிச்சல் எங்கே என்றால், பிரஷர் மாத்திரைக்கு இப்படிப் பயப்படுகிற அதே மனிதர் முட்டி வலிக்கு டைக்லோஃபெனாக்கை மாதக்கணக்கில் தானே வாங்கி விழுங்கிக்கொண்டிருப்பார். கிட்னியைக் கெடுக்கும், பிரஷரை ஏற்றும், மாரடைப்புக்கான வாய்ப்பையும் கூட்டும் மருந்து அதுதான்.

சாப்பாட்டைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். நாசி கண்டார் சோற்றுக் கடையில் “பாஞ்சிர்” என்று குழம்பை வெள்ளமாக ஊற்றச் சொல்வதை நிறுத்துங்கள் (எனக்கும் கஷ்டம்தான்), பால் போட்ட தே தாரிக்கைப் பாலும் சர்க்கரையும் இல்லாத தே ஓ கோசோங் ஆக்குங்கள், சிகரெட்டை விடுங்கள். மூன்றாவதைச் செய்யாமல் முதல் இரண்டை மட்டும் செய்துவிட்டுப் பெருமைப்படாதீர்கள்.

இனி நம்மவர்களின் பெரிய எதிரி, “கேஸ்ட்ரிக்”. கதவைத் திறக்கும் முன்பே கோடாலித் தைல வாசனை வந்துவிடும். முந்தின இரவு பதினோரு மணிக்கு நெஞ்சை அழுத்தியிருக்கும், காற்று என்று தைலம் தேய்த்து, வெந்நீர் குடித்து, விடிய விடிய உட்கார்ந்திருந்து, காலையில் கிளினிக் திறந்ததும் வந்திருப்பார்கள். அடைத்த குழாயைத் திறக்கும் ஊசியோ பலூனோ முதல் சில மணி நேரத்தில்தான் நன்றாக வேலை செய்யும், போகிற ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். நெஞ்சு நடுவில் அழுத்தம், அது தாடைக்கோ கைக்கோ ஏறுவது, குளிர்ந்த வியர்வை, இவை பத்து நிமிடத்தில் அடங்கவில்லை என்றால் ஆம்புலன்சுக்கு 999-ஐ அழையுங்கள். என் கிளினிக்குக்கு வராதீர்கள். என்னிடம் ஒரு ஈசிஜி கருவியும் ஆஸ்பிரினும்தான் இருக்கிறது. நீங்களே கார் ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள். இந்தக் கரையில் பட்டர்வொர்த்தில் இருந்துகொண்டு, காப்புறுதி அட்டை செல்லும் தனியார் மருத்துவமனை பினாங்குத் தீவில் இருக்கிறது என்பதற்காக நெரிசலில் பாலத்தைக் கடக்கிறவர்களும் உண்டு. அந்த நேரத்தில் பக்கத்தில் இருக்கும் அவசரப் பிரிவுதான் நல்ல மருத்துவமனை.

இனிப்புநீர் பல வருடமாக இருந்தால் நரம்பு மழுங்கி வலியே தெரியாமல் போகலாம். காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல், ஓய்ந்துபோன மாதிரி ஒரு களைப்பு, குமட்டல், இவ்வளவுதான் வரும். பெண்களுக்கும் பல நேரம் இப்படித்தான். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் ஆபத்து ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் கணவரின் மருந்து நேரத்தை ஒப்பிக்கிற அம்மாவிடம் “நீங்க கையை நீட்டுங்க” என்றால், “எனக்கு ஒன்னும் இல்லலா டாக்டர், அவரைப் பாருங்க” என்பார். வற்புறுத்திக் கருவியைக் கட்டிப் பார்த்தால் சில சமயம் கணவரைவிட அவருக்குத்தான் பிரஷர் அதிகம் இருக்கும். செலவு என்று தயங்கினால், குறைந்த வருமானக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் எஸ்டிஆர் உதவித்தொகை வாங்கும் குடும்பத்தில் 40 வயதான அல்லது அதைத் தாண்டிய கணவன் மனைவி இருவருக்குமே பேகா பி40 என்ற அரசாங்கச் சுகாதாரத் திட்டத்தில் பரிசோதனை இலவசம். அடுத்த முறை அவரோடு வரும்போது உங்கள் ஐசியையும் (அடையாள அட்டை) மறக்காமல் எடுத்து வாருங்கள் அம்மா.