மூட்டை, புசல், கிலோ: அரிசி ஆலைக்கு மென்பொருள் எழுதுமுன்

மட்டக்களப்பின் படுவான்கரையில் வெட்டிய நெல் லொறியில் ஆலைக்கு வரும்போது, ஏற்றி வந்தவர் ஒருவர், செய்கை பண்ணியவர் இன்னொருவர், காணி ஒரு போடியாருடையது (பெரிய வயற்காணிக்காரர்), காசு எடுப்பவர் நாலாமவர் என்று இருக்கலாம். டொமைன் மாடலில், அதாவது ஆலையின் வேலையை மென்பொருளுக்குள் காட்டும் வரைவில், இந்த நால்வரையும் 'விவசாயி' என்ற ஒரே என்டிட்டிக்குள் (தனி அடையாளத்தோடு பதியும் பொருளுக்குள்) அடைத்தால், முதல் பெரும்போகத்திலேயே சிக்கும். பசளைக்குக் கொடுத்த முற்பணத்தை யாருடைய கணக்கில் கழிப்பது? இதற்காக நாலு அட்டவணை போடத் தேவையில்லை. ஒவ்வோர் ஆளுக்கும் ஒரே பதிவுதான், கொள்வனவுக்குக் கொள்வனவு அவருடைய பங்கு மாறும். அந்தப் பங்கைத்தான் மாடலில் வைக்க வேண்டும்.

அளவும் அப்படித்தான். நெல்லுக்கு ஒரு புசல் 46 இறாத்தல், ஏறத்தாழ 20.87 கிலோ. புசலைக் கிலோவாக மாற்றலாம். மூட்டையை மாற்ற முடியாது. சாக்கின் பருமனுக்கும் நெல்லின் ஈரத்துக்கும் ஏற்ப அதன் எடை கூடும், குறையும். ஆகவே மூட்டை என்பது எண்ணிக்கை மட்டுமே. எடையைத் தராசு சொல்லட்டும். மென்பொருள் கோட்டில் (code) எங்காவது 'மூட்டை × 65' என்று கண்டால் உடனே அழியுங்கள்.

பெரிய பொறி 'இருப்பு' என்ற ஒற்றை எண். 20% ஈரப்பதனோடு வந்த 1,000 கிலோ நெல்லை 14%க்குக் காயவைத்தால் மிஞ்சுவது 1,000 × 80 ÷ 86, அதாவது சுமார் 930 கிலோ. மீதி 70 கிலோவைக் காற்று கொண்டுபோனது. மாடலில் 'காயவைத்தல்' என்ற நிகழ்வே இல்லாவிட்டால் அது களவாகத் தெரியும். கணக்கப்பிள்ளை மாதக் கடைசியில் 'திருத்தம்' என்று ஒரு வரி எழுதிச் சரிக்கட்டுவார். திருத்த வரிகள் பெருகினால், மாடலில் ஏதோ ஒரு கருத்து விடுபட்டிருக்கிறது. காயவைத்தலைச் சேர்த்ததும் அடுத்த கேள்வி எழும்: ஒரே களத்தில் இரண்டு பேருடைய நெல் கலந்தால்? அப்போதுதான் 'குவியல்' என்ற என்டிட்டி தேவைப்படும். கலந்த குவியலின் விலையை எடை விகிதத்தில் சராசரி எடுக்கலாம்.

இவற்றை டேட்டாபேஸ் கட்டிய பிறகு கண்டுபிடித்தால் செலவு அதிகம். போன போகத்துப் பில் புத்தகத்திலிருந்து முப்பது பில் எடுங்கள். வெட்டி எழுதியவை, ஓரத்தில் பென்சிலால் குறித்தவை கட்டாயம் இருக்கட்டும். விடுபட்டவை பெரும்பாலும் அந்த ஓரங்களில்தான் கிடக்கும். திரையும் டேட்டாபேஸும் இல்லாமல் வெறும் கிளாஸ்களாக (என்டிட்டிகளைக் கோட்டில் எழுதும் வடிவம்) ஒன்றுக்கொன்று மாற்றாக இரண்டு மாடல் எழுதி, ஒவ்வொரு பில்லையும் ஒரு டெஸ்டாக ஓட்டுங்கள். இரண்டும் ஒரே விடை தரும் பில்லால் பயனில்லை. விடை பிரியும் பில்லைக் கணக்கப்பிள்ளையிடம் கொண்டுபோங்கள். இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். தோற்ற மாடலைத் தயங்காமல் எறியுங்கள். ஆசைப்பட்டு வைத்திருக்கும் சோதனைக் கோட்தான் பிறகு ஆலையில் நிசமாக ஓடும் கோட் ஆகிவிடுகிறது.

மாடலில் ஒரு பொருளுக்கு வைத்த சொல் மாறினால் கிளாஸ், டேட்டாபேஸ் கொலம், திரை மூன்றிலும் பெயர் மாற வேண்டும். 'அவணம்' நெல் அளவுக்கும் வழங்கும், காணிப் பரப்புக்கும் வழங்கும். ஒரே பெயரில் இரண்டையும் வைக்காதீர்கள். காசைச் சதத்தில் முழு எண்ணாக வையுங்கள், ஃப்ளோட் (தசம எண்ணை ஏறத்தாழவே சேமிக்கும் வகை) வேண்டாம்.

வேலையாட்களின் வரவுப் பதிவுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. அதற்குச் சாதாரண அட்டவணை ஒன்று போதும்.