துப்பாக்கி லைசன்ஸ் இருந்தால் வீட்டில் தோட்டா நிரப்பலாமா?

தோட்டா நிரப்புவது என்றால், சுட்டு முடிந்த காலிக் கூட்டில் வெடிமருந்து, அதைப் பற்றவைக்கும் பிரைமர், குண்டு வைத்து மறுபடி தோட்டா ஆக்குவது. மலேசியாவில், எழுத்தில் அனுமதி கைக்கு வராதவரை, கூடாது. பதில் அவ்வளவுதான். ஆனாலும் லைசன்ஸ் உள்ள நல்ல மனிதர்களே இதில் மாட்டுகிறார்கள்.

1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியையும் தோட்டாவையும் ஒன்றாகவே பார்க்கிறது. லைசன்ஸ் தருபவர் மாநிலப் போலீஸ் தலைவர். அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தால் 8ஆவது பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். பைக்குள் மறந்துபோன ஒற்றைத் தோட்டாவும் தோட்டாதான். பினாங்கு விமான நிலைய ஸ்கேனருக்கு உங்கள் மறதி தெரியாது.

முதல் பொறி லைசன்ஸ் தாளிலேயே இருக்கிறது. பினாங்கின் பாலிக் புலாவில் டுரியான் தோட்டத்துக்குக் குரங்கும் பன்றியும் வருகின்றன என்று ஒருவர் ஷாட்கன் லைசன்ஸ் வாங்குகிறார். அது வைத்திருக்கவும் பயன்படுத்தவும் தந்த உரிமை, தயாரிக்க அல்ல. தயாரிப்பதற்கு அனுமதி வேறு. எத்தனை தோட்டா என்று தாளில் எழுதியிருந்தால் அத்தனைதான். மலிவாகக் கிடைத்தது என்று கூடுதலாக ஒரு பெட்டி வாங்கி வைத்தால் அந்தப் பெட்டிக்கு லைசன்ஸ் இல்லை. தோட்டத்து வேலைக்காரர் கையில் துப்பாக்கியைக் கொடுப்பதற்கும் அவர் பெயரில் தனி பெர்மிட் வேண்டும். முதலாளியின் தாள் அவரைக் காப்பாற்றாது.

இரண்டாவது, 'இது வெறும் வெடிமருந்துதானே' என்ற நினைப்பு. மருந்தும் பிரைமரும் 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள் வருகின்றன. வெளிநாட்டு இணையக் கடை 'அனுப்புகிறோம்' என்று சொன்னால் அது விற்பவரின் சம்மதம், மலேசியாவின் அனுமதி அல்ல. பார்சலில் இருப்பது உங்கள் பெயரும் முகவரியும். கடைக்காரருக்கு என்ன கவலை?

சரி, முறையாகக் கேட்போம் என்று போனால் அலைச்சல் தொடங்கும். பக்கத்து பாலாய் (போலீஸ் நிலையம்) மாவட்டத் தலைமையகத்துக்கு அனுப்பும். அங்கே உள்ளவர் 'கடையில் கேளுங்கள்' என்பார். கடைக்காரர் கிளப்பைக் காட்டுவார். கிளப்பில் யாரோ 'போலே (செய்யலாம்), எல்லாரும் செய்கிறார்கள்' என்பார். வாய்ச்சொல்லில் கிடைத்த அந்த 'போலே' வழக்கு வரும்போது காணாமல் போய்விடும். ஆகவே மலாயில் ஒரு கடிதம் எழுதுங்கள்: ஐசி (அடையாள அட்டை) எண், லைசன்ஸ் எண், என்ன பொருள், எவ்வளவு, எங்கே வைக்கப்போகிறீர்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான சாப் (முத்திரை), தேதி, அதிகாரியின் பெயர் வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். 'சாப் எல்லாம் வேண்டாம்' என்றால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் வராத கடிதத்தை அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்தது வாட்ஸ்அப்பில் சுற்றும் நிரப்பு அளவுகள். பெரும்பாலும் அமெரிக்க, ஆஸ்திரேலியக் கையேடுகளிலிருந்து வெட்டிய படங்கள். வெட்டும்போது முதலில் போவது எச்சரிக்கை வரி, பிறகு பிரைமரின் பெயர், குண்டு எவ்வளவு ஆழம் இறங்கியிருந்தது என்ற அளவு. கைத்துப்பாக்கித் தோட்டாவில் குண்டு கொஞ்சம் கூடுதலாக இறங்கினாலே உள்ளே இடம் குறைந்து அழுத்தம் சட்டென்று ஏறும். மருந்தை நிறுக்கும் சிறிய அளவான கிரெய்ன் என்பதை கிராம் என்று தட்டினால் அளவு 15 மடங்குக்கு மேல் போகிறது. பெயரும் ஏமாற்றும்: எச் 4831, ஐஎம்ஆர் 4831 என்ற இரண்டு வெடிமருந்தும் எண்ணில் ஒன்று, எரியும் வேகத்தில் வேறு. ஷாட்கன் தோட்டாவில் கூடு, வாட் (மருந்துக்கும் சன்னங்களுக்கும் நடுவே வைக்கும் அடைப்பு), பிரைமர் எதையும் 'கிட்டத்தட்ட அதே' என்று மாற்றவே கூடாது. ரைஃபிளுக்கு மருந்தைக் குறைந்த அளவிலிருந்து கூட்டிக்கொண்டே போவார்களே, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவரவும் கூடாது. சோதித்த சேர்க்கை அப்படியே இருக்க வேண்டும். 'என் துப்பாக்கியில் ஒன்றும் ஆகவில்லை' என்பது அவருடைய துப்பாக்கியைப் பற்றிய செய்தி மட்டுமே.

அனுப்புகிறவருக்கும் பொறுப்பு உண்டு. லைசன்ஸ் இல்லாதவர் செய்யப்போகிறார் என்று தெரிந்தே அளவும் முறையும் சொல்லிக்கொடுத்தால், தண்டனைச் சட்டத்தின் 107ஆவது பிரிவில் உள்ள 'உடந்தை' என்ற கேள்வி உங்களிடமே வரும். குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாதபோது எண்ணைப் போடாதீர்கள். தயாரிப்பாளரின் நடப்புக் கையேட்டில் எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லுங்கள். தவறான அளவைப் பார்த்தால் சும்மா அழித்துவிடாதீர்கள், ஏற்கெனவே சேமித்து வைத்தவர்கள் இருப்பார்கள். 'இது தவறு, பயன்படுத்தாதீர்கள்' என்று அதே இடத்தில் எழுதுங்கள்.

தாத்தாவின் அலமாரியில் பழைய தோட்டாவோ வெடிமருந்து டப்பாவோ கிடைத்தால் காரில் போட்டுக்கொண்டு பாலாய்க்குப் போக வேண்டாம். வழியில் ரோட் பிளாக் இருந்தால் அந்த நேரத்தில் அது உங்கள் கையில் உள்ள பொருள். தொடாமல் அறையைப் பூட்டுங்கள், பாலாய்க்கு போன் போட்டு வந்து எடுக்கச் சொல்லுங்கள், பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்து வையுங்கள். எடுத்துப் போகும்போது ரிப்போர்ட் நகலைக் கேட்டு வாங்குங்கள். 'பிறகு வந்து வாங்கிக்கொள்ளலாம்' என்பார்கள், அன்றைக்கே வாங்குங்கள்.