லிங்குவா பிராங்கா – சொல் விளக்கம்

ஆங்கிலத்தை உலகின் 'லிங்குவா பிராங்கா', அதாவது வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் மொழி, என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. இது இத்தாலியத் தொடர். 'பிராங்க்குகளின் மொழி' என்பது நேர்ப்பொருள். பிராங்க்குகள் ஜெர்மானிய இனக்குழுவினர். பிரான்ஸ் நாட்டுக்குப் பெயர் தந்தவர்கள். மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையில் இருந்தவர்களோ மேற்கு ஐரோப்பியர் அனைவரையும் அந்தப் பெயராலேயே அழைத்தார்கள். அரபு, பாரசீகம் வழியாக அதுவே நம்மிடம் 'பறங்கி' ஆயிற்று. பறங்கிப்பேட்டை, பறங்கிக்காய், இலங்கைப் பறங்கியர் எல்லாம் அந்த வேரில் கிளைத்தவை. ஆக, 'பறங்கிப் பேச்சு' என்றே இத்தொடரைச் சொல்லலாம்.

அப்படி ஒரு பேச்சு உண்மையிலேயே இருந்தது. துறைமுகங்களில் வணிகரும் மாலுமிகளும் அடிமைகளும் பேசிய கலப்பு மொழி அது. இத்தாலியமும் ஸ்பானியமும் அடித்தளம். அரபும் துருக்கியும் ஊடே கலந்திருந்தன. 'மி அந்தார்' என்றால் நான் போகிறேன், 'தி அந்தார்' என்றால் நீ போகிறாய். வினை உருமாறாது. அது யாருக்கும் தாய்மொழி அல்ல. அதனால் யாரும் யாரையும் பிழை திருத்தவில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த செய்தி இதுதான். 1830இல் பிரெஞ்சுப் படை வட ஆப்பிரிக்கத் துறைமுகமான அல்ஜியர்ஸுக்குப் புறப்பட்டபோது, வீரர்களுக்காக இம்மொழிக்கு மார்செய் நகரில் ஒரு சிற்றகராதி அச்சிட்டார்கள். அந்தப் படையெடுப்பின் பின் பிரெஞ்சு வேரூன்ற, பறங்கிப் பேச்சு மங்கி மறைந்தது.

தமிழில் எதைச் சொல்வது? 'உலக மொழி' பரப்பைக் காட்டுகிறதே தவிர, பயனைக் காட்டவில்லை. 'பொதுமொழி' என்பதை நன்னூல் வேறு பொருளில் ஏற்கெனவே எடுத்துக்கொண்டது: தனிச்சொல்லாகவும், பிரித்தால் தொடராகவும் பொருள் தரும் 'எட்டு' (எள் + து), 'வேங்கை' (வேம் + கை) போன்றவை அங்கே பொதுமொழி. 'இணைப்பு மொழி' என்பதே சரி. 1960களின் மொழிப் போராட்டக் காலத்திலிருந்து நமக்குப் பழகிய சொல். வெவ்வேறு தாய்மொழிக்காரர்களை இணைப்பது என்ற பொருளும் அதில் தெளிவாக நிற்கிறது.

இணைப்பு மொழி என்று சொன்னால், ஆங்கிலம் இந்த இடத்தில் நீடிக்குமா என்ற கேள்விக்கும் விடை எளிதாகிறது. தேவை இருக்கும்வரை இருக்கும். நம் நாட்டில் பல நூற்றாண்டுகள் ஆட்சி மொழியாக இருந்த பாரசீகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி அரசு 1837இல் ஒரு சட்டத்தால் விலக்கியது. மறுபுறம், 2020இல் பிரிட்டன் வெளியேறிய பிறகும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 24 ஆட்சி மொழிகளில் ஆங்கிலம் நீடிக்கிறது. பின்லாந்துக்காரரும் போர்த்துக்கீசியரும் பேசிக்கொள்ள அவர்களுக்கு அது தேவைப்படுகிறது.