ஃபிளை காஸ்டிங்: வீசப்படுவது ஈ அல்ல

ஃபிளை காஸ்டிங் என்பதை அகராதியில் பிரித்துத் தேடினால், முதல் சொல்லுக்கு ‘ஈ’ என்றும் இரண்டாவதற்கு ‘வார்ப்பு’ என்றும் கிடைக்கும். சேர்த்தால் ஈ வார்ப்பு. எங்கோ ஒரு பட்டறையில் பித்தளையில் ஈ செய்கிறார்கள் போலும் என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். சினிமாக்காரரிடம் கேட்டால், ஈ வேடத்துக்கு நடிகர் தேடுகிறார்கள் என்பார். உண்மையில் இது தூண்டில்காரர்களின் சொல்: பொய்ப்பூச்சி கட்டிய தூண்டிலை நீரில் வீசும் முறை. அதற்குத் தமிழில் பொருத்தமான பெயர் தேடுவதுதான் இங்கே வேலை.

குழப்பத்துக்குக் காரணம் ‘காஸ்ட்’. வடக்கு ஐரோப்பியரின் பழைய நோர்ஸ் மொழியில் ‘காஸ்தா’ என்றால் எறிதல். அது ஆங்கிலத்துக்குள் வந்து பல திசைகளில் பிரிந்தது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றுவதும், வாக்கைப் பெட்டியில் போடுவதும், நாடகத்தில் வேடம் கொடுப்பதும் அதே சொல்லாயின. வானொலி ஒலிபரப்பைக் குறிக்கும் ‘பிராட்காஸ்ட்’ முதலில் விதையைக் கைவீசித் தூவும் உழவர் சொல்லாக இருந்தது. தூண்டில்காரர்கள் மட்டும் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

‘ஃபிளை’ என்பதும் நம் வீட்டு ஈ அல்ல. பழைய ஆங்கிலத்தில் சிறகுள்ள பூச்சி எதுவானாலும் அந்தப் பெயர்தான். பட்டாம்பூச்சியின் பெயரிலும் தும்பியின் பெயரிலும் அது இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழிலும் ‘ஈ’ கொஞ்சம் தாராளமான சொல், தேனீயும் ஈதானே. தூண்டிலில் அது முள்ளின் மேல் கோழி இறகு, முயல் முடி, பட்டு நூல் ஆகியவற்றைச் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைக் குறிக்கிறது. கி.பி. 200ஐ ஒட்டி எழுதிய ரோமானியர் ஈலியன், மாசிடோனிய ஆறொன்றில் இப்படி மீன் பிடித்ததை விவரிக்கிறார். முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகுகள் இரண்டைக் கட்டுவார்களாம். கோல் 6 அடி, கயிறும் 6 அடி. அந்த நீளத்தில் வீசுவதற்கு ஒன்றுமில்லை. எட்டி நின்று நீர்மேல் வைத்தால் போதும். பொய்ப்பூச்சி பழையது. அதை நெடுந்தூரம் கொண்டுசேர்க்கும் கலை மிகப் பிந்தியது. குதிரைவால் முடியில் திரித்த கயிறு போய், எண்ணெய் ஊட்டிய பட்டுச் சரடு வந்து, 20ஆம் நூற்றாண்டின் நடுவில் பிளாஸ்டிக் பூசிய சரடு வந்தது.

சொல்லாக்கத்தின் சிக்கல் இந்தச் சரட்டில்தான் இருக்கிறது. நம் குளக்கரையில் தூண்டில் போடுபவர் மண்புழுவைக் கோத்து, தக்கை கட்டி, தங்கூஸ் நரம்பில் ஈயக்குண்டு சேர்த்து எறிவார். ஈயம் பறக்கும், நரம்பு அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஈயத்தை எடுத்துவிட்டு ஈயை மட்டும் கட்டி எறிந்து பாருங்கள். காலடியிலேயே விழும். இறகுக்கு ஏது கனம்? எனவே கனத்தை இரையிலிருந்து சரட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தொடக்கக்காரர்கள் வாங்கும் 5ஆம் எண் சரட்டில் முதல் 30 அடியின் எடை 140 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம். வீசப்படுவது அந்தச் சரடு. பொய்ப்பூச்சி அதன் நுனியில் ஓசிப் பயணம் செய்கிறது. ஆகவே ‘ஈ வீச்சு’ என்று பெயர்த்தால், ஆங்கிலப் பெயரில் உள்ள பிழையையும் சேர்த்துப் பெயர்த்தவர்களாவோம்.

எறிதலா, வீசுதலா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் தமிழ்க் காது வேறுபாட்டை அறியும். கல்லை எறிகிறோம், அது கையை விட்டுப் போய்விடுகிறது. சாமரம் வீசுகிறோம், வாள் வீசுகிறோம், வலை வீசுகிறோம். இவற்றிலெல்லாம் ஒரு முனை கையிலேயே இருக்கிறது. மீனவர்கள் அந்த வலையை வீச்சுவலை என்றே சொல்கிறார்கள். கோலும் சரடும் கையை விட்டுப் போகாத இந்த வித்தைக்கு ‘வீச்சு’ தவிர வேறு சொல் பொருந்தாது.

இனி எதன் வீச்சு என்ற கேள்வி. ‘நூல்வீச்சு’ என்றால் கோபத்தில் புத்தகத்தை விட்டெறிவதுபோல் இருக்கிறது. ‘இழை’ மிக மெல்லியது. என் தேர்வு ‘சரட்டு வீச்சு’. சரடு என்பதில் முறுக்கும் உடம்பும் உண்டு. ‘சரடு விடுதல்’ என்றால் கதையளப்பது ஆயிற்றே என்று சிலர் சிரிக்கலாம். தப்பிப்போன மீனின் நீளத்தைக் கைவிரித்துக் காட்டும் தூண்டில்காரர்களுக்கு அந்தப் பொருளும் பொருந்தாமல் போகாது.

பெயர் சரியாக இருந்தால் பாடம் பாதி புரிந்துவிடும். ஈயை எறிவதாக நினைக்கும் புதியவர் மணிக்கட்டை உதறிப் பலத்தைக் கொட்டுவார். சரட்டை வீசுகிறோம் என்று அறிந்தவர் அது விரிவதற்கு நேரம் கொடுப்பார். முதல் பயிற்சிக்கு ஆறு வேண்டாம், முள்ளும் வேண்டாம். புல்தரையில் 9 அடிக் கோலும், நுனியில் ஒரு துண்டுக் கம்பளி நூலும் போதும். பெருவிரலைப் பிடியின் மேல் வைத்து, 25 அடிச் சரட்டைத் தொய்வில்லாமல் முன்னால் நீட்டிப் போட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் இடப்பக்கம் நிற்பவர் கண்ணுக்கு நீங்கள் ஒரு கடிகாரத்தின் நடுவில் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தரையை ஒட்டிய கோல்நுனியை மெல்லத் தூக்கி, வேகத்தைச் சீராகக் கூட்டி, 1 மணி நிலையில் சட்டென நிறுத்த வேண்டும். இது பின்வீச்சு. நிறுத்தியதும் சரடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போல மடிந்து, பின்னோக்கி ஓடி விரியும். அது விரியும்வரை காத்திருந்து, அதேபோல முன்னுக்குக் கொண்டுவந்து 10 மணியில் நிறுத்தினால் முன்வீச்சு.

காத்திருப்பதுதான் யாருக்கும் எளிதில் வருவதில்லை. பின்னால் சரடு விரியும் முன்பே அவசரப்பட்டால் சாட்டை சொடுக்குவது போல ஒரு சத்தம் கேட்கும். ஆற்றில் அந்தச் சத்தம் கேட்டால், கட்டிய பொய்ப்பூச்சி அறுந்துபோயிருக்கலாம். தலையைத் திருப்பிச் சரட்டைப் பார்ப்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை. இடையில் திடீரென்று பலம் கொடுத்தாலோ கோல்நுனி நேர்க்கோட்டை விட்டுத் தாழும். சரடு தன்னையே வெட்டிக்கொண்டு முடிச்சு விழும். அதற்குக் ‘காற்று முடிச்சு’ என்று பெயர் வைத்துக் காற்றின்மேல் பழி போட்டிருக்கிறார்கள்.

வீச்சுக்கு வேண்டிய விசையில் ஒரு பங்கு, வளைந்த கோல் நிமிர்வதிலிருந்து வருகிறது. இதைப் படிக்கும்போது குறுந்தொகையின் 54ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் இருக்காது. தினைப்புனம் காப்பவரின் கவண் ஒலிக்கு அஞ்சிய காட்டு யானை, தான் வளைத்துப் பிடித்திருந்த பச்சை மூங்கிலைக் கைவிடுகிறது. அது ‘மீன் எறி தூண்டிலின் நிவக்கும்’, அதாவது மீனைத் தூக்கும் தூண்டில் கோல்போல விசையோடு மேலெழும். அந்தத் தொடராலேயே புலவருக்கு மீனெறி தூண்டிலார் என்று பெயர் நின்றுவிட்டது. இங்கே எறியப்படுவது மீன், சரடு அல்ல; ஃபிளை காஸ்டிங்கைச் சங்க காலத்துக்கு இழுக்க நான் வரவில்லை. ஆனால் கனத்தால் பறக்கும் கவண்கல்லும், வளைந்து நிமிரும் மூங்கிலும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன.

துணைச் சொற்கள் சில. நீரில் படாமல் முன்னும் பின்னும் வீசிக்கொண்டே இருப்பது வெற்று வீச்சு. முதுகுக்குப் பின்னால் மரமிருந்து பின்வீச்சுக்கு இடமில்லாதபோது, நீர்மேல் கிடக்கும் சரட்டையே சுருட்டி முன்னுக்கு அனுப்புவது உருட்டு வீச்சு. அந்த வழியில் வளர்ந்த ஸ்பே வீச்சுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். அது ஸ்காட்லாந்தில் ஓடும் ஸ்பே ஆற்றின் பெயர்.